பட்டை தளர்ந்த வண்டி

கீழ்பென்னாத்தூரில் பகலில் மல்லாட்டை மூட்டை சுமக்கும் பழைய பொலீரோ, பௌர்ணமி இரவில் குடும்பத்தையும் கிரிவலத்துக்குச் சுமக்கிறது. வருஷங்கள் ஆக ஆக, பின்சக்கரத்துப் பட்டை ஸ்பிரிங் தளர்ந்து வண்டி குந்திக்கொள்ளும். முன்பக்கம் நிமிர்வதால் விளக்கொளி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

"கூட ஒரு பட்டை சொருகினால் போச்சு!" என்பார் வீட்டுக்காரர். வண்டி நிமிரும்; ஓய்ந்த பட்டைகள் ஓய்ந்தவைதாம். குலுக்கல்தான் லாபம்!

சகோதரிகளே, தையற்பெட்டி டேப்பை எடுங்கள். சமதரையில், பாரமின்றி, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை இருபுறமும் அளந்து, பால் கணக்கு நோட்டில் குறித்துவையுங்கள். அளவு குறைந்துகொண்டே வந்தால், இருபுறமும் ஒருசேரப் புதுப்பட்டை மாற்றச் சொல்லுங்கள். யூ போல்ட்டும் புதிதாகட்டும். சில நாள் ஓடியபின் அதை மறுபடி முடுக்கவேண்டும். மாற்றும்வரை மூட்டையையும் ஆட்களையும் குறைத்தே ஏற்றுங்கள்!