மஞ்சள் பார்டர் எங்கே போச்சு?

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் மூணு பேர் ஷேரிங்கில் ஒரு ரூம். இருப்பது ஒரே ஜன்னல். அதைத் திறந்தால் தூசி. 'இதுல செடி வேறயா?'ன்னு கேட்கிறீங்களா பாஸ்? அப்படிப்பட்ட ரூமிலும் தாக்குப்பிடிக்கிற ஆள் ஒருத்தர் இருக்கார். பேர் ஸ்நேக் பிளான்ட். வாள் மாதிரி நிமிர்ந்த தடித்த இலை, பாம்புத்தோல் டிசைன், ரெண்டு ஓரத்திலும் மஞ்சள் பார்டர். வெள்ளைக்காரர்கள் வைத்த பட்டப்பேர் 'மாமியார் நாக்கு'!

சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்கா. ஆனாலும் நமக்குத் தூரத்து உறவுதான். அந்தக் காலத்தில் வில்லுக்கு நாண் திரிக்க நார் கொடுத்த நம்ம ஊர் மருள், இதோட பங்காளி.

தடித்த இலைதான் இதோட வாட்டர் டேங்க். பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, ராத்திரியில் திறந்து காற்று வாங்கும். அதனால் தண்ணீர் செலவு ரொம்பக் கம்மி. பாசத்தில் தினமும் ஒரு டம்ளர் ஊத்தினீங்க, வேர் அழுகி ஆள் காலி! விரலை மண்ணுக்குள் ரெண்டு இஞ்ச் விட்டுப் பாருங்க. ஈரம் இருந்தா ஊத்தவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூணு வாரம் மறந்தாலும் கோவிச்சுக்காது. தொட்டியில் ஓட்டை கட்டாயம். மண்ணில் மணல் கலந்துக்கோங்க. இலையில் படிகிற தூசியை ஈரத்துணியால் துடைங்க. பூனை, நாய் இருந்தா எட்டாத இடத்தில் வைங்க. கடித்தால் வாந்திதான்.

'ரூம் காற்றைச் சுத்தம் பண்ணுமாமே?' அது 1989இல் நாசா மூடிய பெட்டிக்குள் செய்த சோதனையில் கிளம்பிய பேச்சு. பழைய ஆய்வுகளையெல்லாம் அலசி 2019இல் வந்த கட்டுரையின் கணக்குப்படி, காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடி செய்யணும்னா ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடி வேணும். அப்புறம் நீங்க எங்கே படுப்பீங்க? ஜன்னலையே திறங்க!

இப்போ மேட்டருக்கு வருவோம். ஃபைனல் இயர் முடியுது. ஒருத்தன் ஆவடிக்கு, ஒருத்தன் பூந்தமல்லிக்கு. 'மச்சி, எனக்கும் ஒரு இலை கொடுடா'ன்னு கேட்பான். இலையை வெட்டி நட்டால் வேர் விடும், சில மாசத்தில் குட்டியும் வரும். ஆனால் மஞ்சள் பார்டர் இருக்காது. முழுப் பச்சை!

ஏன்? இந்தச் செடிக்குள் பச்சையம் உள்ள செல்களும் இல்லாத செல்களும் அடுக்கடுக்காக ஒட்டிக்கிட்டு இருக்கு. அந்த அடுக்குதான் பார்டர். வெட்டின இலையிலிருந்து குட்டி புதுசாகக் கிளம்பும்போது அந்த அடுக்கு கூட வராது.

வழி இருக்கு. தொட்டியைக் கவிழ்த்து மண்ணை உதறுங்க. அடியில் கிழங்கு தெரியும். பக்கத்தில் முளைத்த குட்டியை வேரோடும் கிழங்கோடும் வெட்டி, ஒருநாள் நிழலில் காயவிட்டு நடுங்க. பார்டர் பத்திரம். பிப்ரவரியிலேயே பிரிச்சு வெச்சா மே வெயிலுக்குள் வேர் பிடிச்சுடும்.

ஒரே தொட்டி, மூணு ரூம்மேட், மூணு வீடு. இலையைக் கிள்ளிக் கொடுக்காதீங்க மக்களே, வேரோட கொடுங்க!