நரையிலும் ஆண்பால் பெண்பால்

‘தளபதி’ 1991 தீபாவளிக்கு வெளியானபோது ரஜினிகாந்துக்கு 40 வயது. அவரைப் பெற்ற தாயாக நடித்த ஸ்ரீவித்யாவுக்கு 38. மகனைவிட இரண்டரை வயது இளைய தாய்! கதைப்படி அவள் பதின்பருவத்திலேயே பிள்ளை பெற்றவள் என்பதால் மணிரத்னம் ஓரளவு தப்பித்துக்கொண்டார். ஆனால், இதே ஸ்ரீவித்யாதான் 1975-ல் ‘அபூர்வ ராகங்கள்’ படத்தில் கமல்ஹாசன் காதலிக்கும் பெண். ரஜினி முதன்முதலாகத் திரைக்கு வந்த அந்தப் படத்தில், ஸ்ரீவித்யாவை விட்டுப் பிரிந்துபோன கணவர் அவர். 14 ஆண்டுகள் கழித்து ‘அபூர்வ சகோதரர்கள்’ வந்தபோது ஸ்ரீவித்யா கமலுக்கு அம்மா ஆகியிருந்தார்.

சுஜாதாவின் கதையும் இதுவே. ‘அவர்கள்’ (1977) படத்தில் ரஜினிக்கு மனைவி. ‘உழைப்பாளி’ (1993) படத்தில் அதே ரஜினிக்குத் தாய். இவரும் ரஜினியைவிட வயதில் சிறியவர். உச்சக்கட்டம் ‘அருணாசலம்’ (1997). கூன் விழுந்த கிழவியாக, ரஜினிக்குப் பாட்டியாக வந்த வடிவுக்கரசி, தன் ‘பேர’னைவிட ஏழெட்டு வயது இளையவர்.

வயதை முதலில் காட்டிக்கொடுப்பது முடி. ஒரு நடிகருக்கு வேலை கிடைப்பதைத் தலைமுடியின் நிறம் தீர்மானிக்குமா என்று ஹாலிவுட்டில் கேட்டால் பேச்சு பொன்னிறம், செந்நிறம், பழுப்பு என்று போகும். பழுப்பு முடியோடு வந்த மர்லின் மன்றோ பொன்னிறத்துக்கு மாறிய பிறகே நாம் அறிந்த மர்லின் ஆனார். 2005-ல் டேனியல் கிரெய்கை ஜேம்ஸ் பாண்டாக அறிவித்தபோது, பொன்னிற முடிக்காரர் எப்படி பாண்டாக முடியும் என்று ரசிகர்கள் சிலர் கொடி பிடித்தார்கள். மறு ஆண்டு ‘கேசினோ ராயல்’ வெளியாகி ஓடியதும் அந்தச் சத்தம் அடங்கிப்போனது. நம் ஊரில் இவ்வளவு வண்ணங்கள் கிடையாது. இங்கே இருப்பது இரண்டே நிறங்கள்: கறுப்பு, நரை. ஆனால், இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கோடு ஹாலிவுட்டின் எந்த வண்ணப் பட்டியலைவிடவும் கறாரானது.

ஆண்களுக்கு அந்தக் கோடு 2011-ல் அழிந்தது. வெங்கட் பிரபு இயக்கிய ‘மங்காத்தா’ அஜித்துக்கு 50-வது படம். வயது 40. அதுவரை எந்த மேக்கப் அறையிலும் டை பூசி மறைத்திருக்கக்கூடிய நரையை அப்படியே வைத்துக்கொண்டு நடித்தார். ‘சால்ட் அண்ட் பெப்பர் லுக்’ என்று அதற்கு ஒரு பெயரும் வந்தது. முதுமையின் அடையாளமாக இருந்த ஒன்று, பெயர் மாறியதும் ஸ்டைல் ஆனது. ‘வீரம்’ வந்தது, ‘வேதாளம்’ வந்தது. ‘துணிவு’ (2023) வருவதற்குள் தலையும் தாடியும் ஏறக்குறைய வெள்ளையாகிவிட்டன. சம்பளமும் குறையவில்லை, திரையரங்க வாசலில் பால் குடங்களும் குறையவில்லை. ‘கபாலி’யில் ரஜினி, ‘விக்ர’மில் கமல் என்று மூத்தவர்களும் பின்தொடர்ந்தார்கள். இன்று ஒரு நாயகன் நரையோடு போஸ்டரில் வந்தால் அது வயதை ஒப்புக்கொள்வதாக யாரும் நினைப்பதில்லை, மிரட்டலாகத்தான் பார்க்கிறார்கள்.

ரசிகர்கள் ஏற்க மாட்டார்கள் என்பதுதான் சினிமாக்காரர்கள் எப்போதும் சொல்லும் காரணம். அஜித் விஷயத்தில் ரசிகர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. ஒரு நட்சத்திரம் துணிந்தார், ஒரே படத்தில் ரசிகர்கள் பழகிக்கொண்டார்கள். ரஜினியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வழுக்கைத் தலையும் வெள்ளைத் தாடியுமாக விமான நிலையத்திலும் விழா மேடையிலும் அவர் எந்த ஒளிவுமறைவும் இல்லாமல் வருகிறார். அதைப் பார்த்த அதே கண்கள்தான் திரையில் விக் வைத்த ரஜினியைப் பார்த்தும் விசிலடிக்கின்றன. ரசிகரை ஏமாற்றியாக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

நட்சத்திரம் அல்லாத ஆண்களுக்கோ நரை வேறு வகையில் சோறு போட்டிருக்கிறது. ஏவி.எம்மின் ‘நாம் இருவர்’ (1947) படத்தில் வி.கே.ராமசாமி கிழவராக நடித்தபோது அவருக்கு வயது 21. அன்று ஏறிய நரையைக் கொண்டு அவர் அரை நூற்றாண்டு பிழைத்தார். நிஜ வயது வேஷத்தின் வயதை எட்டிப் பிடிக்கவே பல பத்தாண்டுகள் ஆயின. நாயகனுக்குச் சித்தப்பாவாக, மாமனாராக, ஊர்ப் பெரியவராக வருபவருக்கு நரை ஒரு நிரந்தர வேலை உத்தரவு. அது ‘லுக்’ ஆகாது, போஸ்டரிலும் வராது. ஆனால் அடுப்பு எரியும்.

பெண்களுக்கு இந்த இரண்டு வழியும் திறக்கவில்லை. நாயகியின் தலையில் ஒரு வெள்ளைக்கோடு தெரிந்தால் அடுத்த அழைப்பு ‘அம்மா கேரக்ட’ருக்குத்தான் வரும். ஒருமுறை அம்மாவாக நடித்துவிட்டால் திரும்பி வர முடியாது. இது எழுதப்படாத விதி என்றாலும், முன்னாள் நாயகிகள் எல்லாருக்கும் மனப்பாடம். சரி, அம்மா வேடமாவது நரைத்தவர்களுக்குக் கிடைக்கிறதா? ‘இந்தியன்’ (1996) படத்தில் கமல் நடித்த சேனாபதியின் முதிய மனைவியாக வந்த சுகன்யாவுக்கு அப்போது 26 வயது. ‘கபாலி’யில் 65 வயது ரஜினியின் மனைவி குமுதவல்லியாக வந்த ராதிகா ஆப்தேவுக்கு 30. பின்கதையில் இளமையாகவும் வர வேண்டுமே என்பார்கள். நியாயம்தான். ஆனால், அதே பின்கதையில் 65 வயது ரஜினியும் கறுப்பு முடியோடு இளைஞராக வருகிறாரே! ஒரு பக்கம் முதியவரை இளைஞர் ஆக்கும் மேக்கப், மறுபக்கம் இளையவளை முதியவள் ஆக்குகிறது. இந்தக் கணக்கில் நிஜமாகவே நரைத்த நடிகை எங்கும் வருவதில்லை. கிழவி வேடத்தைக்கூட இளையவளிடம் இழக்கிறார்.

இதற்கு விதிவிலக்கு இல்லாமல் இல்லை. ‘கபாலி’யை இயக்கிய அதே பா.இரஞ்சித் ‘காலா’வில் (2018) நாற்பதுகளில் இருந்த ஈஸ்வரி ராவை ரஜினிக்கு மனைவியாக்கினார். அவர் நடித்த செல்வியின் வாயும் வீம்பும் ரஜினி படத்திலேயே ரஜினியைத் தாண்டிப் பேசப்பட்டன. நமக்கு வயதான பெண்ணைப் பார்க்கப் பிடிக்காது என்று யார் சொன்னது?

இன்னும் பின்னால் போனால் ‘ஔவையார்’ (1953) இருக்கிறது. எஸ்.எஸ்.வாசனின் ஜெமினி பெரும் பொருட்செலவில் எடுத்த அந்தப் படத்தைத் தோளில் சுமந்தவர் நாற்பதைக் கடந்த கே.பி.சுந்தராம்பாள். நரைத்த தலையும் ஊன்றுகோலுமாக வந்த ஒரு பெண்ணைப் பார்க்க ஊர் திரண்டது. ஆனால், ஔவை கதையை நினைத்துப் பாருங்கள். திருமணத்திலிருந்து தப்பிக்க அந்தப் பெண் பிள்ளையாரிடம் முதுமையை வரமாகக் கேட்கிறாள். நரை வந்ததும் அவளை யாரும் மனைவியாக்க முடியாது. அதனால் அவள் சுதந்திரமாகிறாள், அறிவாளியாகிறாள். சுந்தராம்பாளும் கணவர் எஸ்.ஜி.கிட்டப்பாவை 1933-ல் இழந்த பிறகு வெண்ணிற உடைக்கு மாறியவர். காதல் நாயகி வேடங்களே வேண்டாம் என்று ஒதுங்கியவர். நரைத்த பெண்ணைத் தமிழ்த் திரை கொண்டாடத் தயார்தான், அவள் காதலைத் துறந்திருந்தால். நரைத்த ஆணுக்கு அந்தத் துறவு விதிக்கப்படவில்லை. ‘முதல் மரியாதை’யில் (1985) நரைத்த மலைச்சாமியாக வந்த சிவாஜிக்கு ராதாவின் மனம் கிடைத்தது, பாரதிராஜா அதைக் கவிதையாகவே எடுத்தார், நாமும் உருகினோம். அதே படத்தில் சிவாஜிக்கு வாய்த்த கடுகடுப்பான மனைவி யார் தெரியுமா? முப்பதைத் தொடாத வடிவுக்கரசி.

இப்போதெல்லாம் நாயகிகளும் நாற்பது தாண்டி நடிக்கிறார்களே என்று கேட்கலாம். உண்மை. அஜித்தோடு ‘மங்காத்தா’வில் நடித்தபோது திரிஷாவுக்கு 28, ‘விடாமுயற்சி’ (2025) வந்தபோது 41. நயன்தாராவும் நாற்பதைத் தொட்டுவிட்டார். ஸ்ரீவித்யாவும் சுஜாதாவும் இந்த வயதில் அம்மாக்களாகப் பல ஆண்டு கழித்திருந்தார்கள். இது பெரிய மாற்றம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால், இந்த மாற்றம்தான் நம் கேள்விக்குத் துல்லியமான பதிலையும் தருகிறது. வயதைச் சினிமா மன்னித்துவிட்டது, நரையை மன்னிக்கவில்லை. முன்பு வயதும் முடியும் ஒன்றாக வந்து வாய்ப்பைப் பறித்ததால் எது குற்றவாளி என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இன்று நாற்பது தாண்டிய நாயகி இருக்கிறாள், தலையில் ஒரு வெள்ளை இழையோடு வரும் நாயகி இல்லை. சின்னத்திரையிலோ மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே டப்பா டை.

டை பூசுவது அவரவர் விருப்பம் என்று விட்டுவிடலாம். தெருவில் அது சரி. தொழிலில் அது நிபந்தனை ஆகும்போது சேதம் நடிகையோடு நிற்பதில்லை. நாற்பத்தைந்து வயதுப் பெண்ணை அந்த வயதின் தலையோடு காட்ட முடியாது என்றால், அவளுடைய ஆசை, கோபம், தொழில், துரோகம் எதையும் கதாசிரியர் எழுதுவதில்லை. எழுதினால் நடிக்க ஆள் யார் என்ற கேள்வி வரும். எழுதாததால் நடிகைக்கு வேடம் இல்லை, வேடம் இல்லாததால் நடிகை டையை விடுவதில்லை. இந்த வட்டத்தை எங்காவது யாராவது அறுத்தாக வேண்டும்.

அஜித் அறுத்தது எப்படி? புதுமுகமாக இருந்தபோது அல்ல. 50-வது படத்தில், தோற்றாலும் தாங்கும் பலம் வந்த பிறகு. அந்தப் பலம் இன்று சில நடிகைகளிடமும் இருக்கிறது. ஜோதிகாவின் மறுவருகைப் படமான ‘36 வயதினிலே’யை (2015) அவருடைய கணவர் சூர்யாவின் 2டி நிறுவனம் தயாரித்தது. நயன்தாராவுக்கும் கணவர் விக்னேஷ் சிவனுக்கும் சொந்தத் தயாரிப்பு நிறுவனம் உண்டு. நரைத்த பெண்ணைப் பாட்டியாக அல்லாமல் கதையின் நடுவில் நிறுத்தும் நட்சத்திரப் படம் இந்த மாதிரி வீட்டுக்குள்ளிருந்துதான் வர முடியும். கதையும் காசும் தங்கள் கையில் இருக்கும் இவர்களே தயங்கும்வரை, அடுத்த கால்ஷீட்டுக்குக் காத்திருக்கும் ஒரு துணை நடிகையிடம் போய் டையை விட்டுவிடச் சொல்ல எனக்கு வாய் வராது.