பெயர் போனால் மருந்தும் போகும்!

இராசபாளையத்து வயலில் அரிவாள் பட்டுக் குருதி கசிந்தால், உழவர் கை முதலில் நாடுவது வரப்பில் படர்ந்த வெட்டுக்காயப் பூண்டை. கசக்கிப் பிழிந்து, காயத்தில் வைத்துக் கட்டுவர். அப்பூண்டு இம்மண்ணிற் பிறந்ததன்று. அமெரிக்க வெப்பநாடுகளினின்று வந்தேறியது. ஆயினும் எழுத்தறியா நம் மக்கள் அதன் அயற்பெயரைத் தேடினாரல்லர். அதன் பயனைக் கண்டனர், பயனையே பெயராக்கினர். பெயரைக் கேட்ட சிறுவனும் மருந்தை அறிவான்!

கற்றோர் செய்வதென்ன? வாய்க்காலோரக் கரிசாலை நம் செடி. அரைத்த சாறு கருக்கும். அக்கருமையே பெயரில் நிற்கிறது. மஞ்சள் நோய்க்கும் முடி வளத்திற்கும் நம் பாட்டியர் கையாண்டது. வள்ளலார் போற்றி உண்ணச் சொன்னது. அதனைப் 'பிருங்கராஜ்' எனப் புட்டியில் ஒட்டி விற்கின்றனர். கொல்லைச் செடியையே அடையாளம் அறியாது காசு கொடுத்து வாங்குகிறான் தமிழன்!

இவ்விரண்டும் பொழுதுவணங்கிக் குடும்பத்தன. கொட்டைக்கரந்தையும், தரையிற் படிந்த இலைவட்டம் யானையடி போல் தோன்றும் ஆனைச்சுவடியும் அக்குடும்பத்தனவே.

எல்லாப் பச்சிலையும் எந்நோயும் தீர்க்குமெனப் பிதற்றுவோம் அல்லோம். ஆய்ந்து தெளிதல் வேண்டும். ஆய்வதற்குப் பெயரும் பயனும் எழுத்தில் இருத்தல் வேண்டும். நம் பூக்கடை மரிக்கொழுந்தின் இனத்ததான ஒரு செடி காய்ச்சல் தணிப்பதைச் சீனர் ஏறத்தாழ 1600 ஆண்டுகட்கு முன்பே எழுதி வைத்தனர். அவ்வேட்டின் குறிப்பே தூ யூயூ அம்மையாருக்கு வழிகாட்டிற்று. மலேரியாவுக்கு மருந்து பிறந்தது. 2015இல் நோபல் பரிசும் வந்தது.

நம் நிலை என்ன? திருவில்லிபுத்தூர்ச் செண்பகத்தோப்புப் பளியரின் பச்சிலையறிவு பெரிதும் வாய்மொழியாகவே வாழ்கிறது. அம்மலைக்காடு 1988இல் சாம்பல் அணிலுக்கும் 2021இல் புலிக்கும் காப்பிடமாயிற்று, நன்று! செடிக்குக் காவல் உண்டு. செடியை அறிந்த சொல்லுக்குக் காவல் யார்?

2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம் உள்ளாட்சிதோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டுக்கு வழி வகுத்துள்ளது. இராசபாளையத்து, திருவில்லிபுத்தூர்த் தமிழன்பர்களே! முதியோரிடம் செல்லுங்கள், பளியரிடம் பணிந்து கேளுங்கள். அவர்தம் இசைவு பெற்று, அவர் சொல்லும் பெயரிலேயே அப்பதிவேட்டில் ஏற்றுங்கள். அறிவுக்கு உரியவர் அவரே என்பதையும் எழுதுங்கள்.

வந்தேறிய பூண்டுக்கும் தமிழ்ப்பெயர் ஈந்த இனம், தன் செடியின் பெயரை இழக்கலாமா? எழுதுக, இன்றே எழுதுக!