வானத்துப் பங்குக் கிணறு

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்குப் பங்குக் கிணற்றின் இயல்பை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கிணறு ஒன்று, பங்காளர் பலர். இன்ன நாளில் இன்னாருக்கு இறைப்பு முறை என்பது ஊரறிந்த வழக்கு. முறை தப்பி இறைப்பவரால் அயலவர் பயிர் வாடும். முறை பேணினால் சிறிய ஊற்றும் பல குடும்பங்களுக்குச் சோறு போடும். செய்மதி இணையத்தைப் பற்றி எழுதப் புகுந்த நாம் கிணற்றைப் பற்றிப் பேசுவதேன் என்று வாசகர்கள் வியத்தல் கூடும். காரணம் உண்டு, சற்றுப் பொறுத்தருள்க.

2025 யூலை 2ஆந் திகதி ஸ்டார்லிங்க் என்னும் செய்மதி இணையச் சேவை இலங்கையில் ஆரம்பமாயிற்று. அமெரிக்கச் செல்வர் எலான் மஸ்க்கின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் இதனை நடத்துகிறது. 2024 யூலையில் நமது தொலைத்தொடர்புச் சட்டம் திருத்தப்பட்டது. அடுத்த மாதமே தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு உரிமம் வழங்கியது.

செய்மதி வழியே செய்தி அனுப்பும் எண்ணம் நமது நாட்டுக்கு அந்நியமானதன்று. 1956 முதல் 2008இல் மறையும்வரை இலங்கையையே இல்லமாகக் கொண்டிருந்த ஆதர் சி. கிளார்க், 1945ஆம் ஆண்டிலேயே இதுபற்றிக் கட்டுரை வரைந்தார். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் மூன்று நிலையங்களை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் செய்தி பரப்பலாம் என்பது அவர் கருத்து. அவ்வுயரத்துச் செய்மதி பூமியோடு ஒத்துச் சுழல்வதால் வானில் ஓரிடத்தில் நிற்பது போலத் தோன்றும். ஆயின் தூரம் பெரிது. ஒளியின் வேகத்தில் செல்லும் அலைக்கும் நாம் கேட்ட கேள்வி போய் விடை வருவதற்கு அரை விநாடியளவு செல்லும். எதிரெதிர் பேசுவோர்க்கு அந்த அரை விநாடியும் இடைஞ்சலே.

ஸ்டார்லிங்க் செய்மதிகள் சில நூறு கிலோமீற்றர் உயரத்திலேயே ஓடுகின்றன. தூரம் குறைந்ததால் தாமதமும் குறைந்தது. ஆனால் தாழப் பறக்கும் செய்மதி ஒன்றரை மணி நேரத்தில் பூமியை ஒருமுறை சுற்றிவிடும். நம் தலைக்கு மேல் சில நிமிடங்களே தங்கும். ஒன்று மறையுமுன் மற்றொன்று வந்தாக வேண்டும். ஆகவேதான் 2019 மே மாதத்தில் 60 செய்மதிகளுடன் தொடங்கிய இத்திட்டம் 2025இல் 8,000க்கு மேற்பட்ட செய்மதிகளாகப் பெருகிற்று. வீட்டுக் கூரையில் வைக்கும் தட்டையான பலகை தான் அசையாமலே தன் அலையை ஒரு செய்மதியிலிருந்து மற்றொன்றுக்குத் திருப்பிக்கொள்ளும்.

இங்கேதான் கிணறு நினைவுக்கு வருகிறது. ஒரு பகுதிக்குச் செய்மதி தரக்கூடிய கொள்ளளவுக்கு எல்லை உண்டு. அப்பகுதியில் எத்தனை பலகைகள் உள்ளனவோ, அத்தனையும் அதனையே பங்கிட்டுக்கொள்ளும். ஒரே வேளையில் எல்லாரும் இறைத்தால் வேகம் குறையும்.

விலையோ சிறியதன்று. சேவை தொடங்கியபோது கருவியின் விலை ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேல். வீடொன்றின் மாதக் கட்டணம் 15,000 ரூபாவளவு. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் பணம் அனுப்பும் வீட்டார் இதனை வாங்குவர். அவர்களுட் பலர் வசிக்கும் நகரப்புறங்களிலே கம்பி வழியும் கோபுர வழியும் மலிவான இணையம் முன்னரே உண்டு. குறிகாட்டுவானிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் படகிற் செல்லவேண்டிய நெடுந்தீவு மாணாக்கனுக்கே வானத்து வழி மிகவும் பயன்படும். செய்மதிக்குக் கொழும்பும் ஒன்றே, நெடுந்தீவும் ஒன்றே. பணப்பைக்குத்தான் அவை வேறு வேறு.

இதற்கு நாம் புதிய வழி தேட வேண்டியதில்லை. ஒரு பத்திரிகையை ஊர் முழுவதும் வாசித்த வாசிகசாலைகள் நம்முடையவை. ஒரு வானொலிப் பெட்டியைச் சூழ்ந்திருந்து உலகச் செய்தி கேட்ட சனசமூக நிலையங்களும் நம்முடையவை. அந்த வழக்கப்படி, தீவகத்தின் ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு பலகை வைத்தாலென்ன? 15,000 ரூபாவை ஐம்பது குடும்பங்கள் பகிர்ந்தால் ஒரு குடும்பத்துக்கு மாதம் 300 ரூபாவே. பொது நிலையத்துக்குரிய திட்டத்தின் கட்டணம் கூடுதலாயினும், தனித்துச் சுமப்பதினும் அது இலகு. பகலில் மருத்துவருக்கும் கடற்றொழிலாளர் சங்கத்துக்கும், மாலையில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும் என்று முறை வகுத்துக் கொள்ளலாம். நோயாளியைக் கடல் கடத்துமுன் யாழ்ப்பாணத்து வைத்திய நிபுணரிடம் முகம்பார்த்து ஆலோசனை கேட்க முடியுமாயின் அதன் பெறுமதியை ரூபாவில் அளக்கலாகாது.

ஆயினும் இரண்டு எச்சரிக்கைகள் கூற வேண்டும். முதலாவது, இப்பலகைக்குத் திறந்த வானம் வேண்டும். தென்னையும் மாவும் அடர்ந்த வளவுகளில் மரம் மறைத்தால் தொடர்பு விட்டுவிட்டு வரும்; கடும் மழையிலும் தளரும்; மின்சாரம் நின்றால் முற்றாக நிற்கும். ஆகையால் சூரிய மின்கலமும் உடன் வேண்டும்.

இரண்டாவது பெரிது. தொடர்பு அறுந்து கிடப்பது எத்தகையது என்பதை நம்மவர் அறிவர். தொண்ணூறுகளில் தொலைபேசியும் மின்சாரமும் இன்றி, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மக்கள் நாம். செஞ்சிலுவைச் சங்கத்தார் கொணரும் கடிதத்துக்காக வாரக்கணக்கிற் காத்திருந்த தாய்மார் இன்றும் நம்மிடையே உள்ளனர். ஆகவே திறப்பு யார் கையில் என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. 2022இல் உக்ரேன் போரின்போது கிரிமியாப் பகுதியில் இச்சேவையை இயக்குமாறு விடுக்கப்பட்ட வேண்டுகோளைத் தாம் ஏற்கவில்லை என்று மஸ்க் அவர்களே 2023இற் கூறினார். அச்செயல் சரியோ பிழையோ, ஒரு நாட்டின் தொடர்பு ஒரு தனிமனிதர் விருப்பத்தில் தங்கியிருந்தது என்பது கருதத் தக்கது. 2025 யூலை 24ஆந் திகதி, இலங்கையிற் சேவை தொடங்கி மூன்று வாரங்கள்தாம் சென்றிருந்தன. அன்று அந்நிறுவனத்தின் இணைப்பு உலகெங்கும் இரண்டரை மணி நேரமளவு தடைப்பட்டது.

எனவே வானத்து வழி வந்துவிட்டது என்று கம்பியையும் கோபுரத்தையும் கைவிடுதல் அறிவுடைமையன்று. தீவகத்துக்குக் கம்பி கொண்டு செல்லும் கடமையிலிருந்து அரசாங்கமும் விலகலாகாது. புதுக் கிணறு வெட்டிய மகிழ்ச்சியில் பழைய கேணியைத் தூர்ப்பவர் உண்டோ?

ஊர் கூடித் தேர் இழுத்த மக்களுக்கு ஊர் கூடி ஒரு பலகை வாங்குவது பெரிய காரியமன்று. தத்தம் சனசமூக நிலையத்தின் அடுத்த கூட்டத்தில் இதனை முன்வைக்குமாறு வாசகர்களை வேண்டுகிறோம். வெளிநாடுகளில் வாழும் உறவினரும் வீட்டுக்கு ஒன்று அனுப்புவதினும் ஊருக்கு ஒன்று அனுப்புவார்களாக.