ஏட்டைக் கிழிக்காதீர்கள்!

எங்கள் அல்லிநகரத்தில் கணக்கெழுதிப் பழகிய பெரியவர்கள், பேரேட்டில் தவறு நேர்ந்தால் பக்கத்தைக் கிழிக்க மாட்டார்கள். தவறான தொகையைக் கோடிட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்திடுவார்கள். சாப்ட்வேர் எழுதுபவர்களுக்கும் இந்த ஒழுக்கம் வேண்டும் என்பது என் கருத்து.

தமிழக அரசு 2011-ல் மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய இலவச லேப்டாப்களில் பாஸ் லினக்ஸ் இருந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். சென்னை சி-டாக் உருவாக்கிய இதற்கு அடிப்படை டெபியன். இதில் ஒவ்வொரு சாப்ட்வேரும் ஒரு பேக்கேஜ். அதைப் பராமரிப்பவர்கள், எதை எப்போது மாற்றினோம் என்ற வரலாற்றைப் பெரும்பாலும் 'கிட்' என்னும் புரோகிராமில் வைக்கிறார்கள். 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது இது.

கிட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. முந்தைய பதிவின் எண்ணையும் சேர்த்தே அது கணக்கிடப்படுகிறது. எனவே நடுவில் ஒன்றைத் திருத்தினால், அதன் பிறகு வரும் எல்லா எண்களும் மாறிவிடும். பழைய நகலை வைத்திருப்பவரின் கணக்கு உங்கள் கணக்கோடு ஒத்துப்போகாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கம்பத்து நண்பர் ஒருவரும் நானும் தமிழ்ச் சொற்பிழை திருத்திக்கான ஒரு சிறு பேக்கேஜைப் பராமரித்தோம். பதிவுகள் அழகாக இருக்கட்டுமே என்று பலவற்றை ஒன்றாக்கி, 'ஃபோர்ஸ்' கட்டளையால் சர்வருக்கு அனுப்பினேன். முந்தின இரவு அவர் அனுப்பியிருந்த இரண்டு நாள் உழைப்பு அங்கே காணாமல் போனது! நல்லவேளை, அவர் கம்ப்யூட்டரில் நகல் இருந்தது. பெரியவர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். 2013 நவம்பரில் ஜென்கின்ஸ் திட்டத்தின் 150-க்கும் மேற்பட்ட தொகுப்புகள் இதே கட்டளையால் தவறுதலாகப் பின்னோக்கிப் போயின. பிறகு மீட்டார்கள்.

அப்படியானால் வரலாற்றைத் தொடவே கூடாதா? அப்படியில்லை. யாருக்கும் அனுப்பாத வரை அது உங்கள் கரட்டுத்தாள், தாராளமாகத் திருத்துங்கள். மூல சாப்ட்வேரின் புதிய பதிப்பு வரும்போது, பேக்கேஜ் பராமரிப்பவர் தன் திருத்தங்களை எடுத்து அதன்மேல் மறுபடி அடுக்க வேண்டியும் வரும். அதைத் தனிக் கிளையில், கூட்டாளிகளிடம் சொல்லிவிட்டுச் செய்யலாம்.

சில எச்சரிக்கைகள்:

* திருத்தும் முன் பழைய நிலைக்கு ஒரு கிளை போட்டு வையுங்கள்.
* 'ஃபோர்ஸ்' வேண்டாம், 'ஃபோர்ஸ்-வித்-லீஸ்' பயன்படுத்துங்கள். நீங்கள் பார்த்த பிறகு வேறொருவர் எதையாவது சேர்த்திருந்தால் அது மறுத்துவிடும்.
* எல்லோரும் பயன்படுத்தும் கிளையில் தவறு என்றால் 'ரிவர்ட்' போதும். தவறும் தெரியும், திருத்தமும் தெரியும்.
* வெளியிட்ட பதிப்பை மாற்றாதீர்கள். புதிய எண்ணில் வெளியிடுங்கள்.
* பாஸ்வேர்டு தவறிப் பதிவாகிவிட்டால் முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அழித்தாலும் நகல் எங்காவது இருக்கும்.

புரோகிராம் எழுதாதவர்களுக்கும் இது பொருந்தும். அடுத்த முறை ஒரு பைலைத் திருத்தும்போது, பழையதன் மேலேயே சேவ் செய்யாமல் வேறு பெயரில் சேவ் செய்து பாருங்கள். அதன் அருமை ஒருநாள் தெரியும்.