ஹீரோ இல்லாத ஓப்பனிங்!

ஒரு சின்ன கேள்வி. புது கேம் கன்சோல் ஒண்ணு மார்க்கெட்டுக்கு வருது. பொட்டி பளபளனு இருக்கு. உள்ளே இருக்கற சிப் பத்திச் சொல்லிச் சொல்லியே மிரட்டறாங்க. ஆனா, ‘இதுல மட்டும்தான் ஆட முடியும்’னு சொல்ற மாதிரி ஒரு கேம்கூட இல்லை. வாங்குவீங்களா?

எங்க ஹாஸ்டல் மெஸ்ல இதைப் பத்தி ஒரு பட்டிமன்றமே நடந்துச்சு. காரணம், என் ரூம்மேட். ரெண்டு மாச இன்டர்ன்ஷிப் காசை அப்படியே சேர்த்து வெச்சுக்கிட்டு, ‘புது கன்சோல் வந்தா முதல் நாளே வாங்கிரவா மச்சி?’னு நச்சரிக்கறான்.

‘ஹீரோ இல்லாம ஓப்பனிங்கா?’னு கேக்கற கோஷ்டிக்குப் பிடிச்ச உதாரணம் எக்ஸ்பாக்ஸ். மைக்ரோசாஃப்ட் அதுக்கு முன்னாடி கன்சோலே செஞ்சதில்லை. 2001 நவம்பர் 15-ம் தேதி அமெரிக்காவுல முதல் எக்ஸ்பாக்ஸை இறக்கினப்போ, கூடவே ‘ஹேலோ’வையும் இறக்கினாங்க. இந்த ஹேலோவோட ஃப்ளாஷ்பேக் செம காமெடி. 1999-ல அதை மேடையில காட்டினது யார் தெரியுமா? ஆப்பிளோட ஸ்டீவ் ஜாப்ஸ்! மேக் கம்ப்யூட்டருக்கு வரப்போகுதுனு அமர்க்களமா அறிவிச்சார். அடுத்த வருஷமே, அதை உருவாக்கின பங்கி கம்பெனியை மைக்ரோசாஃப்ட் மொத்தமா வாங்கிருச்சு. நிச்சயதார்த்தம் ஒரு இடத்துல, கல்யாணம் இன்னொரு இடத்துல!

சரி, எதுக்கு இவ்ளோ மெனக்கெடணும்? பொட்டியை வித்து பெரிய லாபம் பார்க்கறது கஷ்டம். பல தடவை கைக்காசு போட்டுத்தான் விக்கறாங்க. காசு வர்றது கேம்ல இருந்துதான். ஆனா வெளி கம்பெனிக்காரன், ‘முதல்ல எத்தனை பொட்டி வித்திருக்குனு சொல்லு, அப்புறம் கேம் செய்யறேன்’பான். நாம, ‘முதல்ல கேம் எங்கே?’ம்போம். கோழியா, முட்டையா கதைதான். அதனாலதான் முதல் முட்டையை கன்சோல் கம்பெனியே போட வேண்டியிருக்கு.

இங்கேதான் எதிர்க்கட்சி எழுந்திருச்சு. ‘பிளேஸ்டேஷன் 2 என்னாச்சு?’ நியாயமான கேள்வி! 2000 மார்ச்ல ஜப்பான்ல அது வந்தப்போ, ஊரே பேசற மாதிரி ஒரு கேம்கூட கூட வரலை. ஆனா டிவிடி படம் ஓடும். பழைய பிளேஸ்டேஷன் டிஸ்க்கும் ஓடும். போதாதா? ‘ஜி.டி.ஏ 3’ மாதிரி பெரிய தலைகள் எல்லாம் 2001 கடைசியிலதான் வந்து சேர்ந்தாங்க. கடைசியில வித்தது 15 கோடிக்கும் மேல!

இன்னொரு பக்கம் பாவம், சேகாவோட ட்ரீம்காஸ்ட். 1999 செப்டம்பர்ல அமெரிக்காவுல இறங்கினப்போ ‘சோல் கேலிபர்’னு ஒரு அட்டகாசமான சண்டை கேம் கையில இருந்துச்சு. ஆனா ஸ்போர்ட்ஸ் கேம்ல கொடிகட்டிப் பறந்த ஈ.ஏ. கம்பெனி அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கலை. போதாக்குறைக்கு, பிளேஸ்டேஷன் 2 வரட்டும்னு ஜனம் காத்துக்கிட்டு இருந்துச்சு. 2001-ல சேகா கடையைக் கட்டிட்டு, கன்சோல் தொழிலையே விட்டுருச்சு.

என்னைக் கேட்டா, ‘இதுல மட்டும்தான்’ங்கறது முக்கியமே இல்லை பாஸ். இந்தப் பொட்டி எதுக்குனு அஞ்சே நிமிஷத்துல புரிய வைக்கற ஒரு கேம் வேணும். 1996-ல ‘சூப்பர் மேரியோ 64’ அதைச் செஞ்சுச்சு. அந்தக் குட்டி ஸ்டிக்கை லேசா சாய்ச்சா மேரியோ நடப்பார், நல்லா சாய்ச்சா ஓடுவார். அதுக்கு மேல யாரும் மேனுவல் படிக்க வேண்டாம். 2006-ல ‘வீ ஸ்போர்ட்ஸ்’ல தாத்தா, பாட்டிகூட ரிமோட்டை வீசி பௌலிங் ஆடினாங்க.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச கேஸ், 2017 மார்ச்ல வந்த நின்டெண்டோ ஸ்விட்ச். அதோட நட்சத்திரம், செல்டா வரிசையோட ‘ப்ரெத் ஆஃப் தி வைல்ட்’. அந்த மாசம் அமெரிக்காவுல வித்த ஸ்விட்ச் 9,06,000-க்கு மேல. ஸ்விட்சுக்கான செல்டா 9,25,000-க்கு மேல! பொட்டியைவிட கேம் ஜாஸ்தி. ஸ்பெஷல் எடிஷனை ஷோகேஸ்ல வெச்சுட்டு, ஆடறதுக்கு இன்னொண்ணு வாங்கின புண்ணியவான்கள் இருந்திருக்கணும். இதுல மேட்டர் என்னன்னா, அதே கேம் அதே நாள்ல பழைய வீ யூ கன்சோலுக்கும் வந்துச்சு. எக்ஸ்க்ளூசிவே கிடையாது! ஆனா டிவியில ஆடிக்கிட்டு இருக்கறப்பவே உருவி எடுத்துக்கிட்டு, பஸ்ல உட்கார்ந்து அதே மலையில ஏறலாம்ங்கறது ஸ்விட்ச்ல மட்டும்தான்.

முதல் நாள் கூட்டத்தைப் பார்த்தும் ஏமாறாதீங்க. 2020-ல புது எக்ஸ்பாக்ஸ், ‘ஹேலோ இன்ஃபினிட்’ இல்லாமலேதான் வந்துச்சு. அந்த கேம் 2021 டிசம்பருக்குத் தள்ளிப்போயிருச்சு. அப்பவும் ஸ்டாக் இல்லைனுதான் போர்டு.

பிளேஸ்டேஷன் 5 நம்ம ஊருக்கு 2021 பிப்ரவரியில வந்தப்போ விலை 49,990 ரூபாய். நம்மள்ல பல பேருக்கு அது ஒரு செமஸ்டர் ஃபீஸ். அதனால ரூம்மேட்டுக்கு நான் கொடுத்த தீர்ப்பு: உனக்கே உனக்குனு பிடிச்ச மூணு கேம் வர்ற வரைக்கும் காசு பேங்க்லயே தூங்கட்டும். பயபுள்ள முறைச்சுக்கிட்டுத் திரியறான்.

ஆங்... ஹேலோ கதையில ஒரு கிளைமாக்ஸ் பாக்கி. அந்த முதல் ஹேலோவைப் புதுசா இழைச்சு, பிளேஸ்டேஷன் 5-க்கும் தரப்போறதா 2025 அக்டோபர்ல அறிவிச்சாங்க, சாட்சாத் மைக்ரோசாஃப்ட்காரங்களே!