வெளிச்சம் தட்டுக்குப் போதும்

எலியட்ஸ் கடற்கரையில் பொழுது சாய்ந்தபின் பறக்கும் தட்டு ஆடுவதைத் தடை செய்ய வேண்டும் என்று எங்கள் நடைப்பயிற்சிக் கோஷ்டியில் பாதிப் பேர் சொல்கிறார்கள். மீதிப் பேர், ஸ்டேடியத்தில் இருப்பதுபோல நாலு உயரமான கம்பம் நட்டு விளக்குப் போட்டுவிட்டால் தீர்ந்தது என்கிறார்கள். இரண்டும் வேண்டாம் என்பது என் கட்சி. தட்டு தெரிந்தால் போதும், மணல் முழுக்கத் தெரிய வேண்டியதில்லை.

தடை கேட்பவர்களின் கோபத்தில் நியாயம் உண்டு. போன மாதம் கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னத்துக்குப் பக்கத்தில் ஒரு தட்டு வந்து நண்பரின் மூக்குக் கண்ணாடியைப் பதம் பார்த்துவிட்டது. போட்டிகளில் ஆடும் தட்டின் எடை 175 கிராம்தான். ஆனாலும் வேகமாக வரும் விளிம்பு முகத்தில் பட்டால் சும்மா இருக்காது. அதற்காக, வேலை முடிந்து வரும் பிள்ளைகளை வெயிலில் ஆடு என்றால் எப்படி? டிசம்பரில் ஐந்தே முக்காலுக்கே சூரியன் போய்விடுகிறது. ஆணும் பெண்ணும் ஒரே அணியில் ஆடுகிறார்கள், நடுவர் கிடையாது, தகராறு வந்தால் தாங்களே பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். (எல்.பி.டபிள்யூ.வுக்காக ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன தலைமுறை நாம்!) இந்த ஆட்டம் 1968-இல் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து மேப்பிள்வுட்டில் கொலம்பியா உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தொடங்கியது. அவர்களே பள்ளியின் கார் நிறுத்துமிடத்தில், ராத்திரியில், விளக்குக் கம்பத்தடியில்தான் ஆடினார்கள்.

அங்கே கம்பம் சரி, இங்கே ஏன் கூடாது? ஆமைகள். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் நம் கரையில் முட்டையிட வருகின்றன. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவெல்லாம் நடந்து அந்த முட்டைகளைக் காப்பாற்றும் மாணவர் குழு 1988 முதல் வேலை செய்கிறது. குஞ்சுகள் வெளிச்சமான பக்கத்தைக் கடல் என்று நினைத்துப் போகும். கரையில் பெரிய விளக்கு எரிந்தால் ரோட்டுப் பக்கம் ஊர்ந்து போய்ச் சாகும். ஆகவே கம்பம் என்ற பேச்சே வேண்டாம்.

இனி தட்டுக்கு வருவோம். என் பேரன் முதலில் சைக்கிள் மட்கார்டில் ஒட்டுகிற ரேடியம் ஸ்டிக்கரை வெட்டி ஒட்டினான். "தாத்தா, டார்ச் அடிச்சா பளபளன்னு இருக்கு, தூக்கிப் போட்டா காணாமப் போயிடுது" என்றான். முப்பது வருஷம் ரசாயனம் சொல்லிக்கொடுத்தவனிடம் கேட்டால் விடுவேனா? அதில் ரேடியமும் இல்லை, ஒன்றும் இல்லை. விழுகிற வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். லாரிக்காரருக்கு உதவும். தட்டைப் பிடிக்கிறவன் நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டால்தான் பயன்.

இருட்டில் தானே ஒளிரும் தட்டுகள் வேறு. பழையவற்றில் துத்தநாக சல்பைடு. கொஞ்ச நேரத்தில் சோர்ந்துவிடும். தொண்ணூறுகளில் ஜப்பானில் வந்த ஸ்ட்ரான்சியம் அலுமினேட் மணிக்கணக்கில் ஒளிரும், ஆனால் அதுவும் முதல் சில நிமிடங்கள்தான் நன்றாகப் பிரகாசிக்கும். ஒவ்வொரு பாயிண்டுக்கும் நடுவில் புற ஊதா டார்ச்சைக் காட்டினால் மறுபடி ஏறும். பச்சையாக வாங்குங்கள். மங்கலில் நம் கண்ணுக்கு நீலம் கலந்த பச்சைதான் எடுப்பாகத் தெரியும், சிவப்பு கறுத்துப் போகும்.

கல்யாண வரவேற்புகளில் பிள்ளைகள் ஒடித்துக் கையில் கட்டிக்கொள்கிற ஒளிரும் குச்சியை ஒட்டுவது மலிவு. தட்டின் அடிப்பக்கத்தில், எதிரெதிராகச் சம எடையில் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் தட்டு தள்ளாடும். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு ராத்திரிக்கு ஒரு குச்சி, மறுநாள் அது கடலில்.

எல்.ஈ.டி. வைத்த தட்டுதான் என் தேர்வு. அதிலும் நடுவில் மட்டும் பொட்டு போல எரிவது போதாது. தட்டு எங்கே இருக்கிறது என்று தெரியும், எந்தப் பக்கம் சாய்ந்து வருகிறது என்று தெரியாது. கை போக வேண்டிய இடம் விளிம்பு. நடுவிலிருந்து விளிம்பு வரை ஒளி இழைகள் ஓடுகிற தட்டுகள் கிடைக்கின்றன. வீட்டிலேயே பொத்தான் பேட்டரி வைத்துச் செய்கிறவர்கள் மூடியைத் திருகாணியால் இறுக்கிவிடுங்கள். மணலில் விழுந்ததை ஒரு குழந்தை எடுத்து விழுங்கினால் இரண்டு மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

நடக்கிறவர்களும் ஒன்று செய்யலாம். ஆட்டம் நடக்கும் பக்கம் செல்போன் விளக்கை அடிக்காதீர்கள். இருட்டுக்குப் பழக நம் வயதுக் கண்ணுக்கு அரை மணிக்கு மேலும் ஆகும், ஒரு பளிச்சில் அது போய்விடும். பிள்ளைகளிடம் நான் கேட்பது இரண்டு: நடைபாதையிலிருந்து நன்றாகத் தள்ளி ஆட வேண்டும். ஆமைக் காலத்தில் எட்டரைக்கு விளக்கணைத்து, தட்டோடு ஒரு துண்டு டேப் விடாமல் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும்.